ஈ.எம்.ரி. (அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலாளர்) ஆவதற்கு எதைக் கற்க வேண்டும்? மூதூர் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: "எனக்கு வயது 21. மூதூரில் வசிக்கிறேன். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்தேன். மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளியை எட்ட முடியவில்லை. சென்ற வருடம் அப்பாவுக்கு இரவில் நெஞ்சுவலி வந்தபோது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்ததும் வரும் நோயாளர் காவு வண்டியில் ஓர் அக்கா வந்தார். வந்தவர் உடனே எதையும் செய்யாமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். எங்களுக்குக் கோபமே வந்தது. ஆனால் அதன் பிறகு அவர் செய்ததெல்லாம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்பா இன்று நலமாக இருக்கிறார். நானும் அவரைப் போல ஆக விரும்புகிறேன். இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்று என்னிடம் உண்டு, அது போதுமா? தனியார் நிறுவனம் ஒன்று ஆறு மாதப் பாடநெறிக்குப் பணம் கட்டச் சொல்கிறது, கட்டலாமா? கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் மகன், அங்கே இதற்கு இரண்டு வருடம் கல்லூரியில் படிக்க வேண்டும் என்கிறார். அம்மாவோ, இரவில் வண்டியில் போய் ஆட்களைத் தூக்கும் வேலை பெண்பிள்ளைக்கு எதற்கு என்கிறார். என்னென்ன படிக்க வேண்டும், எவற்றைப் பழக வேண்டும் என்று சொல்வீர்களா?"

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அந்த அக்கா பார்த்துக்கொண்டு நின்ற சில வினாடிகளிலிருந்தே என் பதிலைத் தொடங்குகிறேன். ஏனெனில் நீங்கள் கேட்கும் கல்வியின் பெரும்பகுதி அந்த வினாடிகளுக்குள்தான் இருக்கிறது. வாசலைத் தாண்டும்போதே அவர் பல விடயங்களைக் கவனித்து முடித்திருப்பார். உங்கள் அப்பா சாய்ந்திருக்கிறாரா, நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்கிறாரா; ஒரு வசனத்தை முழுமையாகச் சொல்கிறாரா, இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்துகிறாரா; முகம் வெளிறியிருக்கிறதா; மின்விசிறியின் கீழ் இருந்தும் நெற்றியும் கழுத்தும் வியர்த்திருக்கின்றனவா; ஸ்ரெச்சர் எந்த வாசலால் வெளியே போகும் என்பவை அவற்றுள் சில. இவற்றைப் பார்க்காமல் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பவர் உங்களுக்கு ஆறுதலாகத் தெரிந்திருப்பார். உங்கள் அப்பாவுக்கு அவரால் பயன் குறைவாகவே இருந்திருக்கும்.

நான் திருகோணமலையில் அவசர சிகிச்சைப் பிரிவொன்றில் தாதிய உத்தியோகத்தராக நீண்ட காலம் கடமையாற்றியவள். நோயாளர் காவு வண்டியில் பணிபுரியும் பிள்ளைகளுக்குப் பயிற்சியளிப்பதிலும் பங்கெடுத்திருக்கிறேன். ஆகவே வண்டியின் கதவு எங்கள் பக்கமாகத் திறக்கும்போது தெரிகிற விடயங்களையே பெரிதும் எழுதுகிறேன்.

ஒரு விடிகாலையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். தம்பலகாமம் பக்கத்து வயல் கிராமமொன்றிலிருந்து 12 வயதுச் சிறுமி ஒருத்தி கொண்டுவரப்பட்டாள். வீட்டார் சொன்னது வயிற்றுவலி என்பது மட்டுமே. அவளோடு வந்த இளைஞர் ஸ்ரெச்சரை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்காமல், குரலை உயர்த்தாமல் சொன்னார்: "12 வயது. அதிகாலை 3 மணியளவில் வயிற்றுவலியோடு எழும்பியிருக்கிறாள். தரையில் பாயில் படுத்திருந்தவள். கடித்த அடையாளம் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணிமைகள் தொங்குகின்றன. வீட்டில் ஒரே மூச்சில் 18 வரை எண்ணினாள். வாசலில் இறக்கும்போது 11 வரைதான் எண்ண முடிந்தது. ஒட்சிசன் போய்க்கொண்டிருக்கிறது." அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை. கட்டு விரியன் இரவில் தரையில் உறங்குபவர்களைக் கடிக்கும்; பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது; பற்குறிகூடத் தெரியாமற் போகலாம்; வயிற்றுவலியே முதல் அறிகுறியாக இருப்பதுண்டு; பின்னர் இமை தொங்கி, விழுங்க முடியாமல், சுவாசத் தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும். அந்த இளைஞரிடம் விஷமுறி மருந்து இருக்கவில்லை. அது வைத்தியசாலையில் வைத்தே கொடுக்கப்படுவது. அவரிடம் இருந்தவை இரண்டு கண்களும், ஒரே மூச்சில் எண்ணச் சொல்ல வேண்டும் என்ற அறிவும், அதை இரண்டாவது தடவையும் செய்து பார்த்த ஒழுங்கும்தான். சிறுமி சுவாச இயந்திரத்தில் இருந்து மீண்டு, தன் காலாலேயே நடந்து வீடு சென்றாள்.

இரண்டாவது தடவை எண்ணச் சொன்னாரே, அதை மறந்துவிடாதீர்கள். ஒரு தடவை எடுத்த அளவு நோயாளி அந்த நிமிடத்தில் எப்படி இருந்தார் என்பதை மட்டும் சொல்லும். இரண்டு அளவுகளைப் பக்கத்தில் வைத்தால்தான் அவர் எந்தத் திசையில் போகிறார் என்பது தெரியும். மோசமான நிலையில் இருப்பவரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவையும், நிலை சீராக இருப்பவரைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவையும் மீண்டும் பார்க்க வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லப்படும் பொது விதி. புல்மோட்டையிலிருந்து திருகோணமலை நகருக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் வர வேண்டியிருக்கும் எங்கள் மாவட்டத்தில், அந்த மீள்பார்வை வண்டிக்குள்ளேயே பல தடவை நடக்க வேண்டும்.

இனிப் பாடத்துக்கு வருவோம். எந்த நாட்டில் படித்தாலும் இந்தத் தொழிலின் அத்திவாரம் ஒரே வரிசைதான். முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பார்க்க வேண்டும். அறுந்து கிடக்கும் மின்கம்பியின் மேல் கால் வைத்த பணியாளர் இரண்டாவது நோயாளியாகிவிடுவார். பீறிட்டு ஓடும் இரத்தத்தை உடனே அழுத்தி நிறுத்த வேண்டும். பிறகு சுவாசப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம், நினைவுநிலை, உடையை விலக்கி உடலைப் பார்த்தல் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும். ஒன்றில் கோளாறு கண்டால் அதைச் சரிசெய்யாமல் அடுத்ததற்குப் போகக்கூடாது. முறிந்து வளைந்த கால் எல்லோருடைய கண்ணையும் இழுக்கும். ஆனால் அந்த மனிதரைக் கொல்லப்போவது தொண்டையில் நின்றுபோன நாக்காகவோ வாந்தியாகவோ இருக்கலாம். வரிசையை மனப்பாடம் செய்வது ஒரு மாலை நேர வேலை. உறவினர் அலறும்போதும், மழையில் கைவிளக்கு வெளிச்சத்திலும், அதிலிருந்து பிசகாதிருப்பதற்கே மாதக்கணக்கில் பயிற்சி வேண்டியிருக்கிறது.

அளவுகளை உங்கள் தாய்மொழியைப் போலத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு, 60 முதல் 100 நாடித்துடிப்பு; பிறந்து சில வாரமான குழந்தைக்கோ 30 முதல் 60 மூச்சு இயல்பானது. விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி பெரும்பாலானோருக்கு 94 சதவீதத்துக்குக் குறையாமல் காட்ட வேண்டும். நாட்பட்ட நுரையீரல் நோயாளருட் பலருக்கு 88 முதல் 92 வரையே இலக்கு, அவர்களுக்கு அளவுக்கு மீறி ஒட்சிசன் கொடுப்பது தீங்காகலாம். அதே கருவி குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சின் மேலும் பொய் சொல்லும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மூச்சை எண்ணும்போது அரை நிமிடமாவது கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். "18" என்று கண்ணால் மதிப்பிட்டு எழுதுவது எங்கள் துறையில் மிகப் பரவலான கெட்ட பழக்கம், அதை நான் மன்னிப்பதில்லை. நினைவுநிலையை 3 முதல் 15 வரை புள்ளியிடும் கிளாஸ்கோ அளவுகோலைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழக வேண்டும். 8 அல்லது அதற்குக் கீழே போனவர் தன் சுவாசப்பாதையைத் தானே காத்துக்கொள்ள மாட்டார் என்று எண்ணியே நடக்க வேண்டும்.

நினைவு தடுமாறும் எவருக்கும் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள் என்பதைத் தனியாகவே சொல்கிறேன். வாய் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சுக் குழறி வந்தவரைப் பக்கவாதம் என்று எல்லோரும் முடிவு கட்டியிருக்க, சர்க்கரை டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராம் என்ற அளவுக்கு வெகு கீழே கிடந்ததை நான் ஒரு தடவை அல்ல, பல தடவை கண்டிருக்கிறேன். நோன்பு காலத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் சர்க்கரை நோய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சஹரை (நோன்பு தொடங்கும் முன் உண்ணும் விடிகாலை உணவை)த் தவறவிட்ட முதியவர்களுக்கு இது நேரக்கூடும் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முறையை உங்கள் இரண்டு நாள் பயிற்சியில் பழகியிருப்பீர்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. அந்தப் பொம்மையின் மீது தொடர்ந்து எத்தனை நிமிடம் செய்தீர்கள்? இரண்டு நிமிடம் கழிந்ததும், செய்பவர் உணராமலேயே ஆழம் குறையத் தொடங்கும். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாற வேண்டும் என்கிறோம். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுமையாக மேலெழ விட வேண்டும். கையின் பாரத்தை அதன் மேலேயே சாய்த்து வைத்திருந்தால் இதயத்துக்குள் இரத்தம் நிரம்பாது. சான்றிதழ் போதுமா என்ற கேள்விக்கு இதுவே என் விடை. அது நல்ல தொடக்கம், அதை வைத்திருங்கள், ஆனால் கை அதைத் தானாகச் செய்யும் நிலை இரண்டு நாளில் வராது.

கடலோரத்துப் பிள்ளையாகிய உங்களுக்கு நீரில் மூழ்கியவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே இதயம் நிற்பதற்குக் காரணம் ஒட்சிசன் இல்லாமற் போனதே. ஆகவே நெஞ்சை அழுத்துவதற்கு முன்னரே மூச்சுக் கொடுக்க வேண்டும், ஐரோப்பிய வழிகாட்டல் முதலில் ஐந்து மூச்சு என்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் உப்புவெளிப் பக்கத்திலிருந்து முச்சக்கர வண்டியில் ஒரு பையனை அவனது உறவினர்கள் கொண்டுவந்தார்கள். கரையில் அவனைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியிருக்கிறார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள், பிறகு பின்னிருக்கையில் மடியில் போட்டுக்கொண்டு விரைந்திருக்கிறார்கள். அவர்களின் அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கரையிலிருந்து எங்கள் வாசல் வரை அவனுக்கு ஒரு மூச்சுக்கூட யாரும் கொடுக்கவில்லை. அவன் மடியிலிருந்து தொங்கிய கையில் மணல் ஒட்டியிருந்தது இன்றும் என் நினைவில் இருக்கிறது. கரையிலேயே மூச்சுக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு மீனவர் வாடியிலும் இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே வருகிறேன். நீங்கள் இந்தத் தொழிலுக்கு வந்தால் அதை உங்கள் ஊரில் கற்றுக்கொடுப்பதும் உங்கள் பொறுப்பாகும்.

எங்கள் மாவட்டத்தின் மற்றைய அவசரங்களையும் அறிந்து வாருங்கள். வயலுக்கு அடிக்கும் நஞ்சைக் குடித்தவரின் கண்மணி ஊசிமுனையளவு சுருங்கும், வாயிலும் மூக்கிலும் நீர் வடியும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, நனைந்த உடையைக் களைந்து தோலைக் கழுவ வேண்டும். மஞ்சள் அலரி விதையை உண்டவர் நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பார். நாடி மெல்லக் குறைந்துகொண்டு போகும். சங்குக்கும் கடலட்டைக்கும் ஆழத்தில் மூழ்கி வேகமாக மேலே வந்தவருக்கு மூட்டுவலியும் கால் மரத்துப்போதலும் தொடங்கினால் படுக்க வைத்து, கிடைக்கும் மிக உயர்ந்த அளவில் ஒட்சிசன் கொடுக்க வேண்டும். கந்தளாய், சேருவில பக்கங்களில் யானையால் தாக்கப்பட்டவர்கள் வருவார்கள். வெளியே சிறு காயமும் உள்ளே பெருங்கசிவும் இருக்கலாம். ஓடும் வண்டியில் பிரசவமும் நடக்கும். குழந்தையைத் துடைத்து, தாயின் மார்போடு சேர்த்துச் சூடாக வைத்திருப்பது முதல் வேலை, தாயின் இரத்தப்போக்கு அரை லீற்றரைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது இரண்டாவது.

சட்டமும் இதில் உண்டு. கத்திக்குத்துக்கு உள்ளானவரின் சட்டையை வெட்டும்போது, குத்திய துளையினூடாக வெட்டாமல் விலகி வெட்ட வேண்டும். அந்தத் துளையைச் சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டியிருக்கும். ஒரு வீட்டுக்குள் கண்டதை அடுத்த தெருவில் சொல்லக்கூடாது. மூதூரைப் போல எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் இது மருந்தை விடக் கடினமான பாடம்.

மொழியைப் பற்றி உயர்தரப் பாடப்புத்தகம் எதுவும் சொல்லாது. இந்த மாவட்டத்தில் ஒரே இரவில் நிலாவெளியில் தமிழிலும், கோமரங்கடவலவில் சிங்களத்திலும், கடற்கரை விடுதியில் வெளிநாட்டவருக்கு ஆங்கிலத்திலும் வலி எங்கே என்று கேட்க வேண்டிவரும். "கொஹெத ரிதென்னே?" என்று கேட்டால் மட்டும் போதாது, அதற்கு அந்தத் தாய் அழுதுகொண்டே சொல்லும் பதிலையும் புரிந்துகொள்ள வேண்டும். இன்றே சிங்கள வகுப்பொன்றில் சேருங்கள். நேர்முகப் பரீட்சைக்காக இதைச் சொல்லவில்லை, நோயாளிக்காகச் சொல்கிறேன்.

இனி வழி என்ன என்பது. 1990 சுவசெரிய சேவை 2016 ஜூலையில் இந்திய அரசின் நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் தொடங்கியது. தொடக்கத்தில் தெரிவானவர்கள் ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டுப் பயிற்றப்பட்டார்கள். 2018 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அதற்கென ஒரு மன்றம் அமைக்கப்பட்டு, சேவை நாடெங்கும் விரிந்தது. வண்டியில் இருவர் இருப்பர்: ஓர் ஈ.எம்.ரி.யும், அவர்கள் பைலட் என்றழைக்கும் சாரதியும். நோயாளியிடம் அழைப்புக் கட்டணம் வாங்குவதில்லை. ஆட்சேர்ப்பு நடக்கும்போது மன்றம் அறிவித்தல் வெளியிடும்; தகைமையும் வயதெல்லையும் அந்தந்த அறிவித்தலில் உள்ளபடியே பாருங்கள், பிறர் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள். தெரிவானவர்களுக்குச் சேவையே பயிற்சி அளிக்கிறது என்பதால், வேலைக்கு முன் பெரும் பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்று எண்ண வேண்டாம்.

இதனால் தனியார் பாடநெறி பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். பணம் கட்டும் முன் மூன்று விடயங்களைக் கேளுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனமும் அந்தப் பாடநெறியும் பதிவாகியுள்ளனவா, எந்த வைத்தியசாலையில் எத்தனை மணித்தியாலம் நேரடிப் பயிற்சி உண்டு, ஒரு பயிற்சிப் பொம்மைக்கு எத்தனை மாணவர் என்பனவே அவை. மூன்றாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் சேராதீர்கள். திரையில் படம் காட்டி ஆறு மாதம் நடத்தி, அழகான சான்றிதழோடு அனுப்பப்பட்ட பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். குருதி அமுக்கப் பட்டியைக் கையில் எந்தப் பக்கம் கட்டுவது என்று தடுமாறினார்கள். அந்தப் பிள்ளைகளின் மீது எனக்குக் கோபம் இல்லை. தாய்மாரின் காதணி அடகு வைத்துக் கட்டப்பட்ட பணத்துக்குப் பொருளற்ற கடுதாசி கொடுத்தவர்கள் மீது இருக்கிறது. இதற்கு மாறாக, இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் சென். ஜோன் அம்புலன்ஸும் நடத்தும் முதலுதவிப் பயிற்சிகள் குறைந்த செலவில் கையைப் பழக்குகின்றன. தொண்டராகச் சேர்ந்து அங்கேயே மீண்டும் மீண்டும் செய்து பாருங்கள்.

பெரியப்பாவின் மகன் சொன்னது சரிதான், ஆனால் அவர் சொல்வது வேறொரு படி. ஒன்ராறியோவில் முதனிலைப் பராமெடிக் ஆவதற்கு இரண்டு வருடக் கல்லூரிக் கல்வி வேண்டும்; அவுஸ்திரேலியாவில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, 2018 டிசம்பரிலிருந்து தேசிய மட்டத்தில் பதிவும் பெற வேண்டும். அமெரிக்காவில் ஈ.எம்.ரி. என்பதும் பராமெடிக் என்பதும் இரு வேறு நிலைகள், ஈ.எம்.ரி. பாடநெறி பொதுவாக 150 முதல் 190 மணித்தியாலம், பராமெடிக் கல்வி அதைப் போலப் பல மடங்கு. இங்கே பெறும் பயிற்சி அங்கே நேரடியாக ஏற்கப்படும் என்று எண்ணிக்கொண்டு தொடங்க வேண்டாம். பின்னொரு நாள் அங்கே படிக்கப் போனால், இங்கே நோயாளியைத் தொட்டுப் பழகிய கை உங்களோடு வரும்.

அம்மாவைப் பற்றி. அவரது பயத்தைப் பழைய எண்ணம் என்று தள்ளிவிடாதீர்கள். இரவுப் பணி உண்டு, குடித்தவர்கள் உண்டு, முதுகு வலி உண்டு, சில இரவுகளுக்குப் பிறகு தூக்கம் வராது என்பதும் உண்டு. ஒரு குழந்தையை இழந்த இரவுக்குப் பின், கூட வேலை செய்பவரோடு அதைப் பேசித் தீர்க்காமல் உள்ளே வைத்துக்கொண்ட திறமைசாலிகள் இந்தத் தொழிலை விட்டே போயிருக்கிறார்கள். ஆட்களைத் தூக்குவது பலத்தால் மட்டும் நடப்பதில்லை: பாரத்தை உடலோடு ஒட்டி, முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடித்து, இருவரும் ஒரே எண்ணில் எழ வேண்டும். பக்கத்து வீட்டாரை உதவிக்கு அழைக்கத் தெரிவதும் அதில் சேரும். இன்றிலிருந்து படியேறுங்கள், குந்தி எழுங்கள், தண்ணீர்க் குடத்தை முதுகை வளைக்காமல் தூக்கிப் பழகுங்கள். பிரசவ வலியில் இருப்பவளுக்கும், வீட்டுக்குள் அடிபட்டு வாய் திறவாமல் இருப்பவளுக்கும், வண்டியிலிருந்து இறங்கி வருபவர் ஒரு பெண்ணாக இருந்தால் எவ்வளவு இலகு என்பதை அம்மாவிடம் நீங்கள் சொல்வதைவிட, அந்த இரவில் வந்த அக்காவை அவரே நினைத்துப் பார்ப்பது நல்லது.

கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும் முன், மூதூரிலிருந்து நோயாளிகள் கொட்டியாரக் குடாவைப் படகில் கடந்து நகருக்கு வந்த காலத்தில் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். இறங்குதுறையில் யாராவது ஒருவர் நோயாளியின் தலையை நேராகப் பிடித்துக்கொண்டு வந்தாலே அன்று எங்களுக்கு நிம்மதி. அடுத்த கிழமை முதல் உங்கள் வீட்டில் யார் உட்கார்ந்திருந்தாலும், அவருக்குத் தெரியாமல் அவரது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணி ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு நாடியைப் பிடித்து அதையும் எழுதுங்கள். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, படியேறி வந்த தம்பிக்கு, பால் குடித்து உறங்கும் அயல்வீட்டுக் குழந்தைக்கு என்று 200 பேருடைய அளவுகள் சேர்ந்ததும் எனக்கு மீண்டும் எழுதுங்கள். அந்தக் கொப்பியை நான் பார்க்க விரும்புகிறேன்.